ஈவ் ஆன்லைனில் முதல் சண்டைக்குக் கிளம்புகிறவர்களுக்கு யாராவது முன்பே சொல்ல வேண்டியவை

ஈவ் ஆன்லைன் என்ற இணைய விண்வெளி விளையாட்டில் கப்பல் வெடித்தால் வெடித்ததுதான். மற்ற விளையாட்டுகளில் செத்தால் சில நொடிகளில் அதே ஆயுதத்தோடு எழுந்து நிற்கலாம். இங்கே கப்பல் போய்விடும், அதில் மாட்டியிருந்த மாட்யூல்களில் (துப்பாக்கி, இன்ஜின் போன்ற கருவிகளில்) ஏறக்குறைய பாதி அழியும், மிச்சப் பாதி கொன்றவர் கைக்குப் போகும். வாரக்கணக்கில் சுரங்கம் தோண்டியும் மிஷன் ஓடியும் சேர்த்த ஐஎஸ்கே (விளையாட்டுக்குள் புழங்கும் காசு) ஒரு நிமிடத்துக்குள் காணாமல் போவதைப் பார்க்கும்போது வருகிற கோபமும் அவமானமும் சின்ன விஷயம் இல்லை. அந்த இரவே விளையாட்டை அழித்துவிட்டுப் போனவர்கள் நிறைய. 2016 நவம்பரில் இலவசமாக விளையாடும் ஆல்பா கணக்கு வந்த பிறகு புதியவர்கள் கூட்டமாக வந்தார்கள். பலர் 2014 ஜனவரியில் பி-ஆர்5ஆர்பி மண்டலத்தில் 75 டைட்டன்கள் (விளையாட்டின் மிகப் பெரிய கப்பல்கள்) அழிந்த போரைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்தவர்கள். ஆனால் அவர்களைக் கொன்றது எந்த மாபெரும் படையும் இல்லை, ஃப்ரிகேட் என்ற ஒற்றைச் சின்னப் போர்க்கப்பல். இதையெல்லாம் தனியாக, இழந்து இழந்துதான் நானும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அடுத்து வருகிறவர்களுக்கு அந்தச் செலவு குறையட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் இழப்பு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. பாதுகாப்பு அளவு 0.5 முதல் 1.0 வரையிலான ஹை-செக்கில், அதாவது காவல் உள்ள மண்டலங்களில், பழகிய ஒருவர் காசு சேர்த்து ஒரு பேட்டில்க்ரூசர் வாங்குகிறார். பெரிய கப்பல், நிறைய துப்பாக்கி, சமாளித்துவிடலாம் என்று நினைக்கிறார். லோ-செக் எனப்படும் காவல் குறைந்த மண்டலங்களில் ஒன்றான 0.4 மண்டலத்துக்குள் நுழையும்போது வருகிற எச்சரிக்கைப் பெட்டியை ஓகே தட்டி மூடுகிறார். உள்ளே ஒரு சின்னக் கப்பல் வந்து ஒட்டிக்கொள்கிறது. பெரிய துப்பாக்கிகளால் அதை அடிக்கவே முடிவதில்லை. வார்ப் (அதிவேகமாகத் தொலைவுக்குப் பாய்வது) பொத்தானை அழுத்தினால் கப்பல் நகர மறுக்கிறது. அதற்குள் அந்த ஃப்ரிகேட்டின் கூட்டாளிகள் வந்து சேர்கிறார்கள். கப்பல் வெடித்த அதிர்ச்சியில் கை உறைந்து நிற்கும்போதே, விமானி தப்பிக்கும் கூண்டான பாடும் உடைகிறது. மூளையில் மாட்டியிருந்த, திறனைக் கூட்டும் இம்ப்ளான்ட்களும் போய், ஏதோ ஒரு ஸ்டேஷனில் புதிய குளோனில் (மாற்று உடலில்) கண் விழிக்கிறார். இதில் நடந்த ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு, ஏறக்குறைய எல்லாமே முதல் குண்டு பாய்வதற்கு முன்பே தீர்மானமாகிவிட்டவை. அந்த முன்பகுதிக்குத்தான் தயாராக வேண்டும்.

முதலில் காசுக் கணக்கு. ஒரு கப்பலில் ஏறுவதற்கு முன்பே அது போய்விட்டது என்று எழுதிவிட வேண்டும். என் கணக்கு இது: முழு ஃபிட்டிங்கோடு (மாட்டிய எல்லா மாட்யூல்களோடும்) கப்பலின் விலை கையிருப்பில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஒரு பேட்டில்க்ரூசரைச் சண்டைக்குத் தயார் செய்யும் காசில் சாதாரண ஃப்ரிகேட்கள் சுமார் பத்து வாங்கலாம். அந்தப் பத்தையும் ஒரே மாடலாக, ஒரே ஃபிட்டிங்கோடு வாங்குங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு கப்பலில் போனால் தோற்றது கப்பலாலா நம்மாலா என்றே தெரியாது. சண்டை நடக்கிற இடத்துக்கு இரண்டு மூன்று ஜம்ப் (மண்டலம் விட்டு மண்டலம் தாவுவது ஒரு ஜம்ப்) தள்ளியுள்ள ஒரு ஸ்டேஷனில் பத்தையும் அடுக்கி வைத்துவிட்டால், ஒன்று போனாலும் அடுத்தது தயாராக இருக்கும், மனம் தளர வேண்டியதில்லை. கப்பல் காப்பீடு கப்பலின் வெறும் கூட்டுக்கு (உடலுக்கு) மட்டும்தான் பணம் தரும், மாட்யூல்களுக்குத் தராது. அது 12 வாரத்தில் காலாவதியாகும். இழந்த காசை ஈடுகட்ட நிஜப் பணத்தில் பிளெக்ஸ் என்ற பொருளை வாங்கி ஐஎஸ்கேக்கு விற்கும் ஆசை முதல் வாரங்களில் பலமாக வரும். அந்த வழியில் இறங்காதீர்கள். தோற்கிற வேகத்துக்குப் பணம் போட ஆரம்பித்தால் விளையாட்டும் கசக்கும், பையும் காலியாகும். இன்னொன்று, சண்டைக்குப் போகும் முன் இம்ப்ளான்ட் இல்லாத வெறும் ஜம்ப் குளோனுக்கு (நினைத்தபோது மாறிக்கொள்ளும் மாற்று உடலுக்கு) மாறிவிடுங்கள். அப்போது பாட் உடைந்தாலும் நஷ்டம் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

அடுத்தது ஃபிட்டிங். புதியவர்கள் கப்பல்களில் திரும்பத் திரும்பப் பார்க்கிற கோளாறு, எல்லாவற்றிலும் கொஞ்சம் வைப்பது: கொஞ்சம் ஷீல்ட் (வெளிக் கவசம்), கொஞ்சம் ஆர்மர் (அதற்கு அடுத்த கவசம்), இரண்டு அளவுத் துப்பாக்கி. ஷீல்டா ஆர்மரா என்று ஒன்றைத் தேர்ந்து முழுவதும் அதிலேயே போட வேண்டும். தனியாகச் சண்டை போடுகிற ஃப்ரிகேட்டுக்கு மூன்று பொருள்கள் இல்லாமல் தீராது: ஓட ஒரு இன்ஜின் மாட்யூல், எதிரி ஓடாமல் பிடிக்க ஒரு ஸ்க்ராம்ப்ளர், வேகத்தைக் குறைக்க ஒரு வெப். மெர்லின் என்ற ஃப்ரிகேட்டை எடுத்துக்கொண்டால் நடு வரிசையில் நான்கு இடம், இந்த மூன்றும் போக நான்காவதில் ஷீல்டைக் கூட்டும் மீடியம் ஷீல்ட் எக்ஸ்டெண்டர். கீழ் வரிசையில் அடியின் பாதிப்பைக் குறைக்கும் டேமேஜ் கன்ட்ரோல் ஒன்று கட்டாயம். மேலே பிளாஸ்டர்கள், அதாவது கிட்டத்தில் அடிக்கும் துப்பாக்கிகள். இதை வாங்குவதற்கு முன் விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் ஃபிட்டிங் ஜன்னலில் சிமுலேஷன் செய்து பாருங்கள், அல்லது பைஃபா என்ற இலவசச் செயலியில் போட்டுப் பாருங்கள். சிபியூவோ பவர் கிரிடோ போதாமல் சிவப்பாகக் காட்டினால் திறன் பயிற்சி குறைவு என்று பொருள். புதியவர்களுக்குக் கற்றுத்தரும் வீரர் குழுவான ஈவ் யூனிவர்சிட்டிக்காரர்கள் ‘மேஜிக் 14’ என்று ஒரு திறன் பட்டியல் வைத்திருக்கிறார்கள். கெப்பாசிட்டர், பவர் கிரிட், நேவிகேஷன் போன்ற இந்த அடிப்படைத் திறன்கள் எல்லாக் கப்பலுக்கும் உதவும். புதிய கப்பல் ஏறும் திறனுக்கு முன் இவற்றை வளர்ப்பது நல்லது.

இனி தூரம். ஈவ் சண்டையில் எல்லாமே தூரக் கணக்கு. ஸ்க்ராம்ப்ளர் சாதாரண ரகம் 7.5 கி.மீ. வரை பிடிக்கும், டி2 எனப்படும் மேம்பட்ட ரகம் 9 கி.மீ. வரை. அதன் நீண்ட தூர மாற்றான டிஸ்ரப்டர் 20 கி.மீ., டி2 என்றால் 24 கி.மீ. இரண்டுமே வார்ப்பைத் தடுக்கும், ஆனால் ஸ்க்ராம்ப்ளர் எதிரியின் மைக்ரோவார்ப்டிரைவையும் (மிக வேகமான இன்ஜின் மாட்யூல்) அணைத்துவிடும். வேகம் குறைந்த ஆஃப்டர்பர்னரை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. வெப் 10 கி.மீ.க்குள் வேலை செய்யும், சாதாரண ரகம் வேகத்தை 50 சதவீதமும் டி2 60 சதவீதமும் குறைக்கும். இந்த எண்கள் மனப்பாடமாக இருக்க வேண்டும், சண்டை நடுவே தேடிக்கொண்டிருக்க முடியாது. இதிலிருந்தே இரண்டு விதமான சண்டைக்காரர்கள் வருகிறார்கள். ஒருவர் 9 கி.மீ.க்குள் ஒட்டிக்கொண்டு அடிப்பவர். இன்னொருவர் 20 கி.மீ.க்கு அப்பால் டிஸ்ரப்டரை மட்டும் போட்டுவிட்டு, உங்கள் துப்பாக்கி எட்டாத இடத்திலிருந்து மெல்ல மெல்லக் கொல்பவர். அதற்குப் பெயர் கைட்டிங். பிளாஸ்டர் மெர்லினில் இருக்கும் ஒருவர் கைட்டிங் கப்பலைத் துரத்த ஆரம்பித்தால் முக்கால்வாசி தோற்றாகிவிட்டது.

அப்படி மாட்டிக்கொண்டால் ஒரு வழி உண்டு. அவரை நோக்கி ஓடாமல், அவருக்கு நேர் எதிர்த் திசையில் முழு வேகத்தில் ஓடுங்கள். தானியங்கியாக உங்களைச் சுற்றிக்கொண்டிருக்கும் கப்பல் உங்களுக்குப் பின்னால் நேர்கோட்டில் வர ஆரம்பிக்கும். அவர் வேகம் பிடித்ததும் சட்டென்று திரும்பி, அவர் இருக்கும் திசையில் வெற்று விண்வெளியில் டபுள் கிளிக் செய்யுங்கள். இரு கப்பலும் ஒன்றையொன்று நோக்கிப் பாயும்போது சில நொடிகள் ஸ்க்ராம்ப்ளர் தூரத்துக்குள் அவர் வந்து விழ வாய்ப்புண்டு. ஸ்க்ராம்ப்ளரை முன்பே ஓவர்ஹீட் செய்து (சூடேற்றி அளவுக்கு மீறி இயக்கி) வைத்திருந்தால் அதன் தூரம் 20 சதவீதம் கூடும், டி2 என்றால் 10.8 கி.மீ. பிடித்துவிட்டால் அவருடைய மைக்ரோவார்ப்டிரைவ் அணையும், ஆட்டம் அப்படியே புரளும். அனுபவசாலி கைட்டர்கள் கையால் ஓட்டுவார்கள், அவர்களிடம் இது எடுபடாமல் போகலாம். தப்பிக்க முயலும்போதும் கையால்தான் ஓட்ட வேண்டும் என்பதால் பழகுவதில் நஷ்டமில்லை. ஓவர்ஹீட்டுக்குத் தெர்மோடைனமிக்ஸ் திறன் வேண்டும். அதை முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளுங்கள். சூடேற்றிய மாட்யூல் எரியும், பக்கத்தில் உள்ளதையும் எரிக்கும். அதனால் தேவையான நொடிகளுக்கு மட்டும் சூடேற்றி அணைக்க வேண்டும். நானைட் ரிப்பேர் பேஸ்ட் கொஞ்சம் கார்கோவில் இருந்தால் சண்டைக்குப் பின் சரிசெய்துகொள்ளலாம்.

பெரிய கப்பலால் சின்னதை அடிக்க முடியாமல் போனதற்குக் காரணம் ட்ராக்கிங். துப்பாக்கி திரும்பும் வேகத்தைவிட எதிரி உங்களைச் சுற்றும் கோண வேகம் அதிகமானால் குண்டு படாது. எதிரி நேராக உங்களை நோக்கி வரும்போதும் நேராக விலகும்போதும் கோண வேகம் ஏறக்குறைய பூஜ்யம், அப்போதுதான் அடி முழுமையாக விழும். இதைத் திருப்பிப் பார்த்தால், பெரிய கப்பலை நெருங்கும் ஃப்ரிகேட் அப்ரோச் பொத்தானை அழுத்தி நேராகப் போவது தற்கொலை. சுமார் 30 பாகை விலகிய திசையில் டபுள் கிளிக் செய்து, மீண்டும் மீண்டும் திசையைத் திருத்தி, சுருள் வடிவில் நெருங்க வேண்டும். படையில் முதல் ஆளாகப் போய் எதிரியைப் பிடிக்கும் வேலையைப் புதியவர்களுக்குத்தான் கொடுப்பார்கள். அதில் செத்துப்போவதற்கும் பிழைப்பதற்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இந்தச் சுருள்தான். சுற்றியுள்ளவற்றைக் காட்டும் பட்டியலான ஓவர்வியூவில் ஆங்குலர் வெலாசிட்டி (கோண வேகம்) என்ற நெடுவரிசையைச் சேர்த்துவிட்டால் இதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே ஓட்டலாம்.

ஓவர்வியூ என்றதும் சொல்ல வேண்டும், பலர் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். விளையாட்டு தருகிற இயல்பான அமைப்பு சண்டைக்குப் போதாது. ஒரு டேபில் கப்பல்களும் பாட்களும் மட்டும், இன்னொன்றில் கேட் (அடுத்த மண்டலத்துக்குத் தாவும் வாசல்), ஸ்டேஷன், கிரகங்கள் மட்டும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். சண்டை டேபில் சொந்தப் படைக்காரர்கள் தெரியாமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பதற்றத்தில் நண்பரையே லாக் செய்வீர்கள் (குறி வைப்பீர்கள்). தப்பிக்கும்போது கிரகத்தைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது என்பதால்தான் இரண்டாவது டேப். கப்பலின் ஆர்மர் தீர்ந்து கூடு அடிபட ஆரம்பித்ததும் அந்த டேபுக்குப் போய் ஒரு கிரகத்தைத் தேர்ந்து வார்ப் பொத்தானை விடாமல் தட்டிக்கொண்டே இருங்கள். கப்பல் வெடித்த நொடியில் பாட் தானாகக் கிளம்பிவிடும். லோ-செக்கில் வார்ப்பைத் தடுக்கும் வார்ப் குமிழிகள் கிடையாது, ஆகவே இதைச் செய்தவர்களின் பாட் பெரும்பாலும் தப்பிவிடும். 0.0 மற்றும் அதற்குக் கீழே குமிழிகள் உண்டு, அங்கே இந்த உத்தரவாதம் கிடையாது.

கிளம்புவதற்கு முன் பாதுகாப்புப் பொத்தானையும் புரிந்துகொள்ளுங்கள். பச்சையில் இருந்தால் சட்டத்தை மீறும் எதையும் கப்பல் செய்யாது. லோ-செக்கில் சம்பந்தமில்லாதவரைத் தாக்க மஞ்சள் வேண்டும், பாடை உடைக்கச் சிவப்பு வேண்டும். புதியவர்கள் சிவப்பைத் தொடவே வேண்டாம். ஹை-செக்கில் சிவப்போடு ஒரு குண்டு தவறிப் பாய்ந்தால் விளையாட்டின் காவல் படையான கான்கார்ட் வந்து அழித்துவிடும். கான்கார்ட் தண்டிக்கத்தான் வரும், உங்களைக் காப்பாற்ற வராது. லோ-செக்கில் அதுவும் கிடையாது. அங்கே கேட், ஸ்டேஷன் பக்கத்துத் துப்பாக்கிகள் மட்டும் முதலில் தாக்கியவரைச் சுடும், ஃப்ரிகேட்கள் அந்த அடியைத் தாங்காது. கேட் அருகே யாரையும் முதலில் சுடாதீர்கள். ஒரு முறை சுட்டாலே 60 நொடி ஆயுத டைமர் ஏறும், அது தீரும்வரை கேட் வழியாகத் தாவவோ ஸ்டேஷனுக்குள் போய் டாக் ஆகவோ முடியாது. சுடாமல் இருந்தால், சாதாரண ஸ்க்ராம்ப்ளரால் உங்களைப் பிடித்திருந்தாலும் கேட்டைத் தொட்டுத் தாவிவிடலாம். இது தெரியாமல், பயத்தில் திருப்பிச் சுட்டுக் கதவைத் தாமே பூட்டிக்கொண்டு செத்தவர்கள் ஏராளம்.

கேட் தாண்டியதும் 60 நொடி நீங்கள் யார் கண்ணிலும் படமாட்டீர்கள். எதையும் தொடாதீர்கள், தொட்டால் மறைவு கலையும். அந்த நேரத்தில் ஓவர்வியூவைப் பாருங்கள், அந்த மண்டலத்தில் இருப்பவர்களைக் காட்டும் லோக்கல் பட்டியலில் எத்தனை பேர் என்று பாருங்கள். பிறகு டைரக்‌ஷனல் ஸ்கேனர். லோ-செக்கில் பிழைப்பு அதில்தான் இருக்கிறது. 14.3 ஏயூ (ஒரு ஏயூ என்பது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம்) தூரம் வரை கப்பல்களைக் காட்டும், இயல்பாக வி விசையில் இருக்கும். சில நொடிக்கு ஒருமுறை தட்டுகிற பழக்கம் விரலில் ஏற வேண்டும். மறைந்திருக்கும் கப்பல்களை அது காட்டாது, காம்பட் ரீகான் வகைக் கப்பல்களையும் காட்டாது. பட்டியலில் காம்பட் ஸ்கேனர் புரோப் (கப்பல்களின் இடத்தைக் கண்டுபிடிக்கும் கருவி) தெரிந்தால் யாரோ உங்களைத் தேடுகிறார்கள், இடத்தை மாற்றுங்கள். கோணத்தை 5 பாகைக்குக் குறைத்து ஒரு திசையில் திருப்பினால் அந்த இடத்தில் எந்த வகைக் கப்பல்கள் இருக்கின்றன என்று போகாமலேயே தெரிந்துவிடும்.

தனியாகப் பழக மிகச் சரியான இடம் ஃபேக்‌ஷன் வார்ஃபேர் எனப்படும், பேரரசுகளுக்கு இடையிலான போர் நடக்கும் மண்டலங்களில் உள்ள சிறிய வளாகங்கள் என்பது என் உறுதியான கருத்து. வாசலில் உள்ள ஆக்சிலரேஷன் கேட் கப்பலின் வகை பார்த்துத்தான் விடும், பேட்டில்ஷிப் வந்து விழும் பயம் இல்லை. கேட் துப்பாக்கிகளும் இல்லை. முக்கியமானது, உள்ளே ஏற்கெனவே இருப்பவர்தான் சண்டையின் தூரத்தைத் தீர்மானிக்கிறார். வெளியிலிருந்து வருகிறவர் பீக்கன் என்ற அடையாளப் புள்ளியின் பக்கத்தில்தான் வந்து இறங்குவார். நீங்கள் நெருங்கி அடிக்கும் கப்பலில் இருந்தால் அவர் இறங்கும் இடத்திலேயே காத்திருங்கள். வந்ததும் லாக், ஸ்க்ராம், வெப், பிறகு 500 மீட்டரில் ஆர்பிட் (அவரைச் சுற்றுவது), அதன் பின் துப்பாக்கி. இதே காரணத்தால், உள்ளே ஏற்கெனவே கைட்டிங் கப்பல் உட்கார்ந்திருக்கும் வளாகத்துக்குள் மெர்லினோடு நுழையாதீர்கள். அவர் 20 கி.மீ. தள்ளித்தான் நிற்பார். வேறு வளாகத்தில் போய் உட்கார்ந்து, அவரை உங்களிடம் வரவழையுங்கள். வராவிட்டாலும் இழப்பு ஒன்றுமில்லை.

எதிலிருந்து விலக வேண்டும் என்பதும் பெயர் பெயராகத் தெரிய வேண்டும். கேட்டலிஸ்ட், த்ராஷர் போன்ற டெஸ்ட்ராயர்கள் ஃப்ரிகேட்களைக் கொல்லவே கட்டப்பட்டவை. கார்மர் என்ற ஃப்ரிகேட் டிஸ்ரப்டரை இயல்பைவிட அதிகத் தூரத்துக்கு எறியும். டேர்டெவில் என்ற ஃப்ரிகேட் வெப் போட்டால் கப்பல் ஏறக்குறைய நின்றே போகும். இந்தப் பெயர்களை ஸ்கேனரில் பார்த்தால் முதல் பத்துக் கப்பல்கள் தீரும்வரை வெளியேறிவிடுவதுதான் சரி. வென்ச்சர் என்ற சுரங்கக் கப்பல் அநாதையாக நிற்பதைப் பார்த்தாலும் ஒரு நொடி யோசியுங்கள். தனியாக, ஓடாமல், அசையாமல் நிற்கிற எளிய இரை பல நேரம் தூண்டில்தான். எதிரியின் பெயரை, அழிந்த கப்பல்களைப் பதிவு செய்யும் ஸீகில்போர்டு தளத்தில் தட்டினால் சமீபத்தில் எந்தக் கப்பலில், தனியாகவா கூட்டமாகவா கொன்றார் என்று சில நொடிகளில் தெரியும். எப்போதும் ஐந்து பேரோடு வருகிறவர் இன்று மட்டும் தனியாக நிற்க மாட்டார்.

கை நடுங்கும். நெஞ்சு அடித்துக்கொள்ளும், விசை எது என்று மறந்துபோகும். இது எல்லோருக்கும் வரும், பல வருடம் விளையாடியவர்களுக்கும் நல்ல சண்டையில் வரும். வெட்கப்பட ஒன்றுமில்லை, நடுக்கத்தோடும் செய்ய முடிகிற அளவுக்கு வேலையைக் குறைத்து வைத்தால் போதும். துப்பாக்கிகளை ஒரே குழுவாக்கி ஒற்றை விசையில் வையுங்கள், ஸ்க்ராமும் வெப்பும் அடுத்தடுத்த விசைகள். ஆர்பிட் தூரத்தை முன்பே அமைத்துவிடுங்கள். கார்ப் (வீரர் குழு) நண்பர் ஒருவரோடு டூயல் (ஒப்புக்கொண்ட ஒற்றைக்கு ஒற்றைச் சண்டை) போட்டு, பாதி ஷீல்டில் நிறுத்திக்கொண்டு, இந்த விசை வரிசையை மட்டும் திரும்பத் திரும்பப் பழகலாம். சிங்குலாரிட்டி என்ற சோதனை சர்வரில் கப்பல்கள் பெயருக்குத்தான் விலை, அங்கேயும் பழகலாம். ஆனால் இழப்புப் பயம் இல்லாத இடத்தில் நடுக்கமும் வராது. அதைத் தாங்கிப் பழக நிஜக் கப்பல்தான் வேண்டும்.

வெடித்த பிறகு உடனே அடுத்த கப்பலில் ஏறாமல் கொஞ்ச நேரம் கப்பல் அழிந்ததும் வரும் அறிக்கையான கில்மெயிலைப் படியுங்கள். யார் எந்த ஆயுதத்தால் எவ்வளவு அடித்தார் என்று அதில் இருக்கும். உங்கள் காம்பட் லாகையும் திறந்து பாருங்கள். உங்கள் குண்டுகளுக்கு நேரே ‘கிரேஸஸ்’, ‘கிளான்ஸஸ் ஆஃப்’ (உரசிப் போனது) என்று நிறைய வந்திருந்தால் ட்ராக்கிங்கோ தூரமோ கெட்டிருக்கிறது, ஆர்பிட்டை மாற்ற வேண்டும். நன்றாகப் பட்டும் தோற்றிருந்தால் குண்டு வகையையோ தற்காப்பையோ பாருங்கள். சண்டையைத் திரையில் பதிவு செய்திருந்தால் இன்னும் நல்லது, ஸ்க்ராமை எத்தனை நொடி தாமதமாகப் போட்டீர்கள் என்பது கண்ணுக்குத் தெரியும். கொன்றவருக்கு லோக்கலில் ‘ஜிஎஃப்’ (நல்ல சண்டை) என்று ஒரு வரி போட்டு, என்ன செய்திருக்கலாம் என்று கேளுங்கள். பலர் பொறுமையாக விளக்குவார்கள், சிலர் தங்கள் ஃபிட்டிங்கையே அனுப்புவார்கள். அடுத்த கப்பலில் ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள், குண்டு வகையோ ஆர்பிட் தூரமோ ஏதாவது ஒன்று. ஒரே நேரத்தில் மூன்றை மாற்றினால் எது பலித்தது என்று அந்தப் பத்துக் கப்பலும் தீர்ந்த பிறகும் தெரியாது.